ஒன்பதாவது கையெழுத்து

“கையெழுத்து வாங்க முதல் அந்தக் கொப்பியைப் பொம்புளையளுக்கு வாசிச்சுக் காட்ட வேணும், வாப்பா.”

கேட்டுவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று உம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தா. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

வாப்பா கண்ணாடிக்கு முன்னால் மீசையைக் கத்தரித்துக்கொண்டு நின்றார். கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமா ஒருத்தரும் கேட்கல்ல. இண்டைக்கு என்ன புதுசா?”

“வந்து ஒண்டரை வருஷமா நானும் கேட்கல்ல. அது என்ர பிழை.”

அவர் மிச்ச மீசையையும் கத்தரித்து முடித்தார். இடது பக்கம் கொஞ்சம் கூடிப் போயிற்று.

என் வாப்பா கலீலுர் றஹ்மான், இருபத்தாறு வருடம் கிண்ணியா பாதையில் ரிக்கற் கிழித்தவர். பாதை என்றால் எங்களுக்குத் தெரு அல்ல. வாகனத்தையும் மனிசரையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கிற மிதவை. இன்றைக்கும் அவருக்கு நேரம் என்றால் பாதையின் நேரம்தான். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் சிப்பித்திடல் பாடசாலைக் கமிட்டிக்குச் செயலாளரானார். ஊரில் அழகாக எழுதத் தெரிந்த ஆம்பிளை அவர்தான்.

அந்தப் பாடசாலை ஊரே தொடங்கியது. அரசாங்கப் பாடசாலைக்கு மூன்று கட்டைத் தூரம் நடக்கவேண்டும். சூறாவளிக்குப் பிறகு கொழும்பிலுள்ள ஒரு நிதியம் எங்களுக்கு இரண்டு வருட மானியம் தந்தது. பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு, களப்பைக் கடக்கத் தோணி, பெரிய பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக இன்னொரு தோணி, தாய்மாருக்கு மாலை வகுப்பு, ஒரு பட்டதாரி ஆசிரியைக்குச் சம்பளம். அந்தப் பட்டதாரி நான். பேராதனையிலிருந்து திரும்பி வந்து ஒன்றரை வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள்.

மானியத்துக்கு நிதியம் போட்ட நிபந்தனை இரண்டு. கமிட்டியில் பாதிக்கு மேல் தாய்மார் இருக்கவேண்டும். எந்தத் தீர்மானத்திலும் அவர்கள் கையெழுத்து இருக்கவேண்டும். ஆறு ஆண்கள், எட்டுத் தாய்மார் என்று கமிட்டி அமைந்தது. கூட்டம் நடக்கும்போது வகுப்பறைக்குக் குறுக்கே வெள்ளைப் புடவையைத் திரையாகக் கட்டுவார்கள். முன்னால் ஆண்கள் பேசுவார்கள். பேசி முடிந்ததும் தீர்மானம் எழுதின கொப்பி திரைக்குக் கீழால் பின்பக்கம் போகும். எட்டுக் கையெழுத்தோடு திரும்பி வரும். இதில் பிழை இருப்பதாக ஊரில் ஒருவருக்கும் படவில்லை. எனக்கும் படவில்லை.

போன வாரம் பாடசாலை முற்றத்தில் சீமெந்துக் கல் வந்து இறங்கியது, பெரிய பெண்பிள்ளைகளை இனித் தோணியில் ஏற்றக்கூடாதாம் என்று தோணிக்காரனும் சொன்னான். யார் சொன்னது என்று வாப்பாவிடம் கேட்டேன். தாய்மார் கேட்டது என்றார். அந்தத் தாய்மாரில் ஒருத்தி என் மூத்த சகோதரி லைலா ராத்தா. அவளுடைய மகள் அசனா அந்தத் தோணியில் போகிறவள். ராத்தாவிடம் போய்க் கேட்டேன்.

“நானா? எப்ப கேட்டனான்?” என்றாள் ராத்தா.

அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

---

மானியத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்று பார்க்க நிதியத்தின் உத்தியோகத்தர் தவராசா, வாப்பாவிடம் நான் அப்படிக் கேட்ட அதே ஞாயிறு காலை, பாதையில் வந்தார். ஒல்லியான மனிசர். தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு தோணியில் ஆடாமல் இருந்தார். பகல் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தார். சமையல் செய்யும் சுபைதா மாமியிடம், பருப்பில் கல் வருகிறதா என்று திரையில்லாமலே கேட்டார். கல்லு எல்லாம் முற்றத்தில இறக்கியிருக்கு, பருப்பில வாறல்ல என்றா மாமி. அவர் சிரித்துவிட்டு, முற்றத்தில் அடுக்கியிருந்த சீமெந்துக் கற்களைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் பத்துக்குத் தொடங்கியது. ஒரே நல்ல கதிரையில் தவராசா. பக்கத்தில் தலைவர் அபூதாஹிர் ஹாஜியார். பாடசாலை நிற்கிற தென்னங்காணி அவருடையது. எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் கொடுத்தது. அதனால்தான் அவர் தும்மினாலும் கமிட்டி எழும்பி நிற்கும்.

வாப்பா போன கூட்டத்து அறிக்கையை வாசித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தவராசா மட்டும், தாய்மாரின் சம்மதத்தைத் தான் நேரில் கேட்டு, இன்னொரு முறை கையெழுத்து வாங்கவேண்டும் என்றார். ஆனால் திரைக்கு அப்பால் அவர் போக முடியாது. ஹாஜியார் அதற்கும் ஆயத்தமாக இருந்தார்.

“எங்கட டீச்சர் இரிக்கா. படிச்ச புள்ள. உள்ளுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வருவா.”

இதற்குத்தான் நான். எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. என் பட்டத்துக்காக இவர்கள் ஏன் காத்திருந்தார்கள் என்று.

வாப்பா கொப்பியை என் கையில் தந்தார். தரும்போது கையை உடனே விடவில்லை. தணிந்த குரலில், “போய்க் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா மகள், அவ்வளவுதான்” என்றார்.

திரைக்குப் பின்னால் எட்டுப் பேரும் பாயில் இருந்தார்கள். ராத்தா பேனையை ஏற்கனவே கையில் எடுத்து வைத்திருந்தாள். கையெழுத்துப் போடுவது அவளுக்குப் பெருமை. நான்தான் படிப்பித்தேன். ‘கையொப்பமிடக் கற்ற தாய்மார் எத்தனை பேர்’ என்று நிதியத்தின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் முதல் அவரவர் பெயரை எழுதப் படிப்பித்தேன். மூன்று மாதத்தில் எட்டுப் பேரும் எழுதினார்கள். படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினோம். அதன் பிறகு நோன்பு வந்தது, அறுவடை வந்தது, மழை வந்தது. வாசிப்புக்கு நான் வந்து சேரவில்லை.

நான் பாயில் இருக்கவில்லை. நின்றுகொண்டு, திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கும்படி, போன மாதத்துப் பக்கத்தை வாசித்தேன்.

‘பன்னிரண்டு வயது கடந்த பெண்பிள்ளைகள் பாடசாலைக்கு வருவது பொருத்தமில்லை எனத் தாய்மார் தாமாகவே முறையிட்டமையால், கீழே பெயர் குறிப்பிட்ட பதினொருவரையும் நிறுத்துவதென்றும், இரண்டாவது தோணிக்கும் மாலை வகுப்புக்கும் உரிய மானியத்தைப் பாடசாலைக்கு மதில் கட்டப் பயன்படுத்துவதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

முன்பக்கம் யாரோ கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. “றஹ்மா” என்றார் வாப்பா. நான் நிறுத்தவில்லை. பதினொரு பெயரையும் வாசித்தேன். முதலாவது பெயர் அசனா.

“ஏகமனதா எண்டா என்ன புள்ள?” சுபைதா மாமி கேட்டா.

“எல்லாரும் ஒத்துக்கொண்டு.”

“நானுமா?”

“உங்கட பேரும் இரிக்கி, மாமி.”

“தோணிக்கு எண்டுதானே சென்னாங்க. மதிலக் கட்டி உள்ளுக்கு என்னத்தப் பூட்டப் போறாங்க? பருப்பையா?”

யாரும் சிரிக்கவில்லை.

பெயர்களுக்குக் கீழே கையெழுத்துகள். அவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவரவர் பெயரைக் கேட்டதும் அவரவர் தலை குனிந்தது. எட்டு முடிந்தது. அதற்குக் கீழே ஒன்பதாவதாக இன்னொன்று இருந்தது. ‘வாசித்து விளக்கியவர், ஆசிரியை.’ அந்தச் சாய்வும் கடைசியில் இழுத்த கோடும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை.

தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். வாப்பா கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “இதிலயும் ஒண்டு போடு மகள்” என்றார். சிவப்புப் பேனையால் போடாதே என்று நீலப் பேனையையும் தந்தார். நான் போட்டேன். பக்கத்தைப் பார்க்கவில்லை. எட்டுப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு இரண்டு மொழியில் வாசிக்கத் தெரியும்.

இதை வாசிக்காமல் விட்டிருக்கலாம். திரைக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியவந்திராது.

“ஒன்பதாவது என்ர கையெழுத்து,” என்றேன். “நானும் வாசிக்காமத்தான் வைச்சனான்.”

ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பேனையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“விருப்பமில்லை எண்டு எழுதுறது எப்பிடி?” என்று கேட்டாள். “நீ எங்களுக்குப் பேர் மட்டுந்தானே படிப்பிச்சாய்.”

கரும்பலகை முன்பக்கம் ஆண்களிடம் இருந்தது. ஒரு பிள்ளையின் சிலேட்டை எடுத்து ‘விருப்பமில்லை’ என்று பெரிதாக எழுதி அவள் முழங்காலில் வைத்தேன். ராத்தா கொப்பியின் புதிய பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தாள். முன்பக்கம் ஹாஜியார் கனைத்தார். யாரோ எழும்பி வெளியே போனார்கள். அவள் அவசரப்படவில்லை. ‘ரு’வைப் பிழையாக எழுதி, எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்து, பிறகு பக்கத்திலேயே திரும்ப எழுதினாள். கடைசி எழுத்தான ‘லை’க்கு வந்தபோது சிலேட்டைப் பார்க்கவில்லை.

“இது என்ர பேருல இரிக்கி,” என்றாள்.

அதன் கீழே தன் பெயரையும் போட்டாள். சூறாவளியில் மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு வாப்பாவின் வீட்டில், வாப்பாவின் சோற்றில் இருக்கிறவள் அவள். நான் இதை ஒரு நாளும் மறக்கக்கூடாது.

சுபைதா மாமி எழுதினா. இன்னும் ஒருத்தி எழுதினாள். மற்ற ஐந்து பேரும் மதிலுக்குச் சம்மதம் என்று வழக்கம்போலப் பெயரை மட்டும் போட்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு நாலு சின்னதுகள் இரிக்கி, பகல் சோறு நிண்டு போனா என்ன செய்ய என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல நான் ஆளில்லை.

---

தவராசா கொப்பியை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும் கேட்டார்.

“வாசிச்சு விளக்கினது எண்டு போட்டிருக்கிறது நீங்கள்தானே, மிஸ்?”

“ஓம்.”

ஹாஜியார் குறுக்கே வந்தார். பிள்ளைக்கு மறந்திருக்கும், அன்றைக்கு வாசித்துக் காட்டியதை ஊரே அறியும் என்றார். ஊர் தலையாட்டியது. வாப்பா மட்டும் தலையாட்டவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவராசா கெட்ட மனிசர் அல்ல. சட்டத்துக்குள் நின்று தயவு காட்டப் பார்க்கிற மனிசர். வாசித்து விளக்கியது உண்மை என்று நான் சொன்னால், மூன்று தாய்மார் இப்போது மனம் மாறியிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதி, ஐந்து பேரின் சம்மதத்தோடு மானியத்தைப் புதுப்பிக்கச் சொல்லலாம். வாசிக்கவில்லை என்று சொன்னால் தீர்மானம் பொய். விசாரணை முடியும்வரை மானியம் நிற்கும், சாப்பாடும் நிற்கும். பொய்ச்சாட்சி போட்ட ஆசிரியையின் பெயர்தான் முதலில் வெட்டுப்படும். இதையெல்லாம் குரல் உயர்த்தாமல், கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார்.

“உள்ளுக்குச் சொன்னது என்ர காதில விழுந்தது. ஆனா எனக்கு எழுத்தில வேணும். நாளைக்குப் பத்து மணிக்கு டவுனில நிதியத்துக் கந்தோருக்கு வாங்கோ, இந்தக் கொப்பியையும் கொண்டு. வடிவா யோசிச்சுக்கொண்டு வாங்கோ.”

வெளியே போகும்போது சீமெந்துக் கற்களுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். பிறகு தோணிக்குப் போனார். சுபைதா மாமி சமையல் கொட்டில் வாசலில் நின்று, நாளைக்கு அரிசி போடுறதா புள்ள என்று கேட்டா. இருக்கிறதைப் போடுங்கள் என்றேன்.

---

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கடிதத்தை எழுதினேன். இரண்டு வரிதான். ‘தீர்மானத்தை நான் வாசிக்காமல் கையெழுத்திட்டேன். அது தாய்மாரின் தீர்மானம் அல்ல.’ எழுதி மடித்துக் கொப்பிக்குள் வைத்தேன். பிறகு இரண்டு சேலையைப் பையில் வைத்தேன். டவுனுக்குப் பக்கத்தில், உப்புவெளியில் என்னோடு படித்த இராசமலரின் வீடு இருக்கிறது. காலையில் புறப்பட்டாலும் பத்து மணிக்குக் கந்தோருக்குப் போகலாம். ஆனால் ஒரு இரவு இந்த வீட்டில் படுத்து எழும்பினால் அந்தக் கடிதம் வேறு கடிதமாகிவிடும். எனக்கு என்னைத் தெரியும்.

வாப்பா பின்னேர அசர்த் தொழுகை முடித்து வந்தார். பையைப் பார்த்தார். கதிரையில் இருந்தார்.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பெரிய குமர்ப் பெண்கள் வருவது நின்றால்தான் காணி தருவேன், இல்லாவிட்டால் தென்னைக்கு உரம் போடப் போகிறேன், கூரையைக் கழற்றுங்கள் என்று ஹாஜியார் நோன்புக்கு முதலே சொல்லிவிட்டதாகச் சொன்னார். மூன்று முறை போய்க் கெஞ்சியதாகச் சொன்னார். மூன்றாவது முறை வாசலில் செருப்போடு நிற்க வைத்தே பேசினாராம். இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை.

“பதினொரு குமர் நிண்டா அறுபத்துநாலு புள்ளையள் திண்டு படிக்கும். நான் என்ன செய்ய வேணும் மகள்? நீ படிச்சவள், செல்லு.”

“அந்தப் பதினொண்டில அசனாவும் ஒண்டு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதானா எழுதினீங்க?”

“அவள்ட பேரைத்தான் முதல்ல எழுதினனான்.” அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “என்ர பேத்தியை ஒளிச்சு வைச்சுக்கொண்டு ஊரான்ட புள்ளையளை வெட்டினான் எண்டு நாளைக்கு ஒருத்தன் கதைக்கக்கூடாது.”

இந்த மனிசரின் நேர்மை இதுதான். ரிக்கற் இல்லாமல் ஏறிய தன் சொந்தத் தம்பியை நடுத்துறையில் வைத்துத் தண்டம் கட்டவைத்தவர். அதே நேர்மையோடு பேத்தியை வெட்டியிருக்கிறார். எட்டுப் பெண்களிடம் மட்டும் அந்த நேர்மை போய்ச் சேரவில்லை.

“நீங்க ஹாஜியாருக்கிட்ட மூண்டு தரம் கேட்டீங்க,” என்றேன். “ராத்தாக்கிட்ட ஒரு தரம் கேட்கல்ல. என்னட்டக் கேட்கல்ல. பேனையைத் தந்தீங்க.”

“கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பியா?”

“இல்ல.”

“அதுதான் கேட்கல்ல.”

அவர் எழும்பி வந்து பையருகே நின்றார். கொப்பி மேலே தெரிந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். “ஒரு சொல்லுத்தான். வாசிச்சனான் எண்டு செல்லு. நீயும் வேலையில இருப்பாய். ரெண்டு வருஷம் போகட்டும், ஹாஜியாரை நான் மாத்துறன்.”

“அசனாவுக்கு ரெண்டு வருஷத்தில பதினஞ்சு, வாப்பா.”

உம்மா குசினி வாசலில் வந்து நின்றா. நான் செல்லல்லையா கேட்காதே எண்டு, என்றா. குடையை எடுத்து என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனா.

முற்றத்தில் அசனா வழிமறித்தாள். பதின்மூன்று வயது. வகுப்பில் கணக்கில் முதலாவது. ஊர் முழுக்கத் தன் பெயர் வாசிக்கப்பட்டது அவளுக்கும் எட்டியிருந்தது.

“சாச்சி, நாளைக்கு நான் பள்ளிக்கூடம் வாறதா, வேணாமா?”

“வா.”

“தோணி ஏத்தமாட்டாங்களே.”

“கரையால நட. உம்மாவையும் கூட்டிக்கொண்டு நட. நான் இரிக்க மாட்டன். நீ போய் உன்ர இடத்தில இரு.”

அவளுக்குப் பின்னால் ராத்தா நின்றாள். சிலேட்டு இன்னும் அவள் இடுப்பில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறாள், அல்லது மறக்கவில்லை.

நான் படலையைத் திறந்தபோது வாப்பா முற்றம்வரை வந்துவிட்டார். கையில் பேனையோ கொப்பியோ இல்லாமல் அவரை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“நாலரைப் பாதை இண்டைக்குப் பத்து நிமிஷம் முந்தி வெளிக்கிடும். ஞாயித்துக்கிழமை,” என்றார்.

“தெரியும்.”

“றஹ்மா.” அவர் தொண்டையைச் செருமினார். “அந்தக் கொப்பியில கடைசிப் பக்கம் ஒண்டு இரிக்கி, ஹாஜியார் சென்னதையெல்லாம் நான் எழுதி வைச்சது. கூட்டத்தில வைக்கல்ல. ஹாஜியாருக்கும் தெரியாது. போக முதல் அதை வாசி.”

காலையில் நான் எதைக் கேட்டேனோ அதை இப்போது அவர் என்னிடம் கேட்கிறார். கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தாலும் என் இரண்டு வரிக் கடிதத்தில் ஒரு எழுத்தும் மாறப்போவதில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

“பாதையில வாசிக்கிறன், வாப்பா,” என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினேன்.